நத்தார் கற்பிக்கும் பொதுப்பணி

யாழ்ப்பாணத்தில் நாம் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல் போர்த்துக்கேயரோடு வந்தது. அதன் வேர் பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆகவே பிறப்புத்தான் இவ்விழாவின் பொருள். கேக்கும் பட்டாசும் புத்தாடையும் பின்னர் வந்து சேர்ந்தவை. அந்தப் பிறப்பு எந்த நிலையில் நிகழ்ந்தது என்பதை, இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் மற்றவர்களைவிட எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

உரோமைப் பேரரசன் அகுஸ்து குடிமதிப்புக்குக் கட்டளையிட்டதால், யோசேப்பும் கர்ப்பிணியான மரியாளும் நாசரேத்தை விட்டுப் பெத்லகேமுக்குப் போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பதிவுக்காக அலைவது நமக்கும் பழக்கமானதே. விடுதியில் இடமில்லை. பிள்ளையைக் கிடத்தியது மாடுகளுக்குத் தீன் வைக்கும் தொட்டியில். பின்பு ஏரோதுவுக்குத் தப்பி அக்குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியது என்கிறார் மத்தேயு. ஏரோது இறந்த பிறகும், யூதேயாவுக்குப் போக அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்திலே குடியேறினார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, இன்னும் சொந்தக் காணியில் கால்வைக்காத குடும்பங்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

கடவுள் மனிதனானார் என்பதே நத்தாரின் விசுவாசம். தூர நின்று உதவி அனுப்பாமல், துன்பப்படுவோரின் நடுவில் வந்து அவர்களில் ஒருவராக வாழ்ந்தார் என்பதே அதன் கருத்து. பொதுப்பணிக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, கடைசியில் நிற்பவருக்கு முதலிடம். மீட்பரின் பிறப்புச் செய்தி ஆளுநருக்கோ அரண்மனைக்கோ போகவில்லை. இரவில் கிடைக்குக் காவலிருந்த இடையருக்கே முதலில் அறிவிக்கப்பட்டது. நிவாரணப் பட்டியலிலும் வீட்டுத்திட்டப் பட்டியலிலும் விதவையின் பெயரும் காணி உறுதி இல்லாதவரின் பெயரும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று ஒவ்வொரு கிராமச் சங்கமும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மக்களின் மொழியில் பணி. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். ஆங்கிலத்தில் கற்ற வைத்தியர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். கிராமங்கள் வைத்தியரின்றி இருந்தன. அதைக் கண்ட அவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழிக்குள் இறங்கி வந்தது அவருடைய சேவை. இன்றும் ஒரு படிவத்தை எளிய தமிழில் வாசித்து விளக்குவது சிறு காரியமல்ல.

மூன்றாவது, இருப்பதைப் பகிர்தல். பெத்லகேமில் மாளிகை திறக்கவில்லை. ஒரு தீன்தொட்டி கிடைத்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்தபோது, தென்மராட்சி மக்கள் விறாந்தையையும் வளவையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டார்கள். அவ்வருட நத்தார் பலருக்குப் பிறர் வீட்டிலேயே கழிந்தது. திறந்துவிட்டவர்களுள் பலரும் வசதியுள்ளவர்கள் அல்லர். 2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்கு வந்தபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். இன்று கொடுப்பவர் நாளை கேட்பவராகலாம். ஆகையால் கொடுப்பவர் பெருமை கொள்ளவும் வேண்டாம். பெறுபவர் கூனிக்குறுகவும் வேண்டாம்.

உதவி பெறுவோர் ஏவல்காரர் அல்லர். பொதியைக் கையில் கொடுத்துப் படம் பிடிப்பதைவிட, சங்கத்தின் கணக்கை எல்லோர் முன்னும் வாசிப்பது மேலான சேவை. கூட்டத்தில் பேசத் தயங்கும் தாய்மாரிடம் தனியே போய்க் கேட்பதும் சேவையே.

இந்த நத்தாருக்கு முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு வேலை செய்யலாம். முகாமிலோ உறவினர் வளவிலோ இருந்து, இதுவரை எந்தப் பட்டியலிலும் பெயர் வராத குடும்பங்களைத் தேடிப் போங்கள். அவர்களுடைய உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றில் எது குறைகிறது என்று எழுதி, பிரதேச செயலகத்துக்கு அவர்களுடன் கூடவே செல்லுங்கள். தொட்டியில் கிடந்த பாலனைத் தேடிப் போன இடையரும் அப்படித்தான், தங்கள் வேலையை இடைநிறுத்திவிட்டு எழுந்து நடந்தார்கள்.