அடுத்து என்ன படிக்கலாம்? – 14: அருவிக்கு மேலே ஒரு வகுப்பறை

2024 மே 17. பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது அருவியில் திடீரென்று வெள்ளம் பெருகியது. மழை பெய்தது மலைக்கு மேலே. கீழே நின்றவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஓடியவர்கள் தப்பினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

அந்த ஓட்டத்தின் செல்போன் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. பார்த்து முடித்ததும் வரிசையாகக் கேள்விகள் எழுகின்றன. மேலே எவ்வளவு மழை பெய்தால் கீழே எத்தனை நிமிடத்தில் வெள்ளம் வரும்? அடர்ந்த காடு அதில் எவ்வளவைப் பிடித்து வைக்கும்? மலையில் பெய்யும் மழையை அளந்து உடனுக்குடன் கீழே சொல்வது யார் பொறுப்பு? மலை வனத்துறையிடம் இருக்கிறது. அருவிக்கரையைப் பார்த்துக்கொள்வது உள்ளாட்சி. அருவி நீர் போய்ச் சேரும் சிற்றாறு நீர்வளத்துறையின் கணக்கில் வருகிறது. இதற்கிடையில் சாரல் சீசன் மூன்று மாதத்தை நம்பித்தான் அங்கே கடை வைத்திருப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் வருஷத்தைத் தள்ளுகிறார்கள். அருவியை மூடு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நீரியல், சூழலியல், சட்டம், பொருளாதாரம் எல்லாம் அந்த ஒரு மதியத்துக்குள் இருந்தன. “எனக்குச் சுற்றுச்சூழல் படிக்கணும்” என்று சொல்கிற பிளஸ் டூ மாணவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், அவர்கள் படிக்க விரும்புவது இப்படிப்பட்ட ஒன்றைத்தான் என்று புரியும்.

இதற்கு எந்தப் பட்டம் படிப்பது என்பதில்தான் குழப்பம். நீடித்த வளர்ச்சி, பருவநிலை ஆய்வு, சுற்றுச்சூழல் மேலாண்மை என்று புதுப்புதுப் பெயர்களில் படிப்புகள் வருகின்றன. வெளிநாட்டில் இந்த முயற்சி பழையது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1969இல் தொடங்கிய காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் தருவது ஒரே பட்டம்தான், மனித சூழலியல். எந்தப் பாடங்களைச் சேர்த்துப் படிப்பது என்பதை மாணவரே வகுத்துக்கொள்கிறார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் நீடித்த வளர்ச்சிக்கென்றே தனித்துறை கண்டது. அங்கே கொள்கைப் பக்கம் சாய்பவருக்கு பி.ஏ., அறிவியல் பக்கம் சாய்பவருக்கு பி.எஸ். நம் நாட்டில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பட்டப்படிப்பு படிக்கும் எல்லோருக்கும் ஒரு தாளாக அது வந்து சேர்ந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்ஸ் பார்த்துப் பாஸ் ஆகிற தாளாக அதை ஆக்கி வைத்திருக்கிறோம். இதைவிடப் பெரிய வாய்ப்பு வீணாய்ப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

குற்றாலம் இருக்கிற தென்காசி மாவட்டத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற பாதையில், கடையத்தைத் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் அங்கேதான் இருக்கிறது. வாசலில் நின்றால் மேற்கே மலை. சென்னைக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் அனுப்புகிற எத்தனையோ குடும்பங்களுக்கு, தங்கள் மாவட்டத்திலேயே இப்படி ஒரு மையம் இருப்பது தெரியாது. ஆனால் அது முதுகலைக்கும் ஆய்வுக்குமான இடம். அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஏதோ ஒன்றை ஊன்றிப் படித்திருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பெயரில் ‘சுற்றுச்சூழல்’ இல்லாத பட்டத்தையே முதலில் பாருங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், புவியியல், புள்ளியியல், பொருளாதாரம் இவற்றில் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, மற்றதைத் துணைப்பாடமாகவும் களத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இப்படிச் சொல்வதற்குப் பாளையங்கோட்டையில் ஒரு சான்று இருக்கிறது. தூய சவேரியார் கல்லூரியின் தாவரவியல் துறையில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் வி.எஸ். மாணிக்கம், இருதயராஜுடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிச் செடிகளைப் பற்றி 1992இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தென்னிந்தியப் பெரணிகளை அடையாளம் காண்கிற எவரும் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். பூ பூக்காத, நிழலில் முளைக்கிற செடிகள் அவை. காடு ஈரம் இழந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் பெரணிகளும் உண்டு. எது எங்கே இருந்தது என்ற பதிவு இருந்தால்தான் எது போய்விட்டது என்று நாளைக்கு ஒருவர் நீதிமன்றத்தில் நின்று சொல்ல முடியும். அந்தப் பதிவைத் தந்தது சாதாரண பி.எஸ்ஸி. தாவரவியல் நடத்துகிற ஒரு துறை. அதற்கும் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதே குற்றால மலையில் செடிகளைச் சேகரித்தார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். குற்றாலத்திலேயே இருக்கிற பராசக்தி மகளிர் கல்லூரியில் சேரும் மாணவிக்கு, வைட் நடந்த மலை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

வேலை சம்பந்தமான காரணமும் உண்டு. இதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்குப் பட்டம் மட்டும் போதாது. கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் பாடமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ என்ற பெயர் இல்லை. காட்டைக் காக்கிற உயர்பதவிக்கு ஆசைப்பட்டுச் சுற்றுச்சூழல் பட்டம் வாங்கிய பிள்ளை, விண்ணப்பம் போடும் நாளில் வாசலில் நிற்க நேரிடும். தமிழ்நாட்டு வனத் தொழில் பழகுநர் தேர்வின் பட்டியல் கொஞ்சம் அகலமானது. அதில் சுற்றுச்சூழல் அறிவியலும் வனவிலங்கு உயிரியலும் இடம்பெற்றிருக்கின்றன. புதுப் பெயர் கொண்ட பட்டங்களுக்கு வேறொரு சிக்கல். அது இன்ன பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் மாநிலத் தேர்வாணையம் ஏற்கும். கல்லூரியில் சேருகிற அன்றே அந்த அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

காடுதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக நாலு வருஷ பி.எஸ்ஸி. வனவியல். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் துறையும் நல்ல பெயர் வாங்கியது. இளநிலையிலேயே அறிவியலையும் கொள்கையையும் கலந்து படிக்க விரும்பினால் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். தனி நுழைவுத் தேர்வு உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தை முழுவதுமாகக்கூடத் தள்ளுபடி செய்கிறார்கள். பின்னாளில் காட்டுயிர் முதுகலைக்கு பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் இருக்கின்றன. முதலாவதில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டம் எதுவாக இருந்தாலும் விடக்கூடாத ஒன்று புள்ளியியல். சூழலியலுக்கு வருகிறவர்களில் பலர் கணக்குக்குப் பயந்தே உயிரியல் பக்கம் வந்தவர்கள். அந்தப் பயம் எப்படிப் போகும் என்பதை நான் ஜனவரி மாதத்துக் குளக்கரையில்தான் பார்க்கிறேன். மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் மையம் அது. கல்லூரி மாணவர்கள் தன்னார்வலர்களாகப் போகிறார்கள்.

விடியற்காலையில் குளத்தங்கரையில் நிற்கிறீர்கள். கையில் ஒரு படிவம். குளத்தின் பெயர், நேரம், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா என்று முதலில் எழுத வேண்டும். பாம்புத்தாரா ஒன்று மரக்கிளையில் சிறகை விரித்துக் காய்கிறது. அதை எழுதுவது சுலபம். நடுக்குளத்தில் நாமக்கோழிகள் கருப்பாகப் பரவிக் கிடக்கும்போதுதான் கை நடுங்கும். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. இருபதை எண்ணி, அந்த இருபது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளந்துகொண்டே போக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதே கூட்டத்தை எண்ணி வேறொரு எண் சொல்வார். இரண்டில் எது சரி, ஏன் வேறுபட்டது, போன வருஷத்தை ஒப்பிடும்போது இந்தக் குறைவு நிஜமான குறைவா, எண்ணியவர் மாறியதால் வந்த குறைவா? இந்தக் கேள்வியோடு வகுப்புக்குத் திரும்புகிற மாணவிக்குத் திட்டவிலக்கம் என்றால் என்ன என்று யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இனி கொள்கைப் பக்கம். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. கேரள அதிகாரிகளே வந்து லாரிகளில் அள்ளிச் சென்றார்கள். ஊருக்கு வந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளையும் ஒருவர் படித்திருந்தால் பேச்சின் பலமே வேறு. கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதற்குத்தான் அனுப்ப வேண்டும். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். அப்படியானால் எந்தப் பை எந்த ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியது, யார் கையில் மாறியது என்று ஆவணத்தைக் கேட்கலாம். கேரளத்திலிருந்து புளியரை சோதனைச்சாவடி வழியாகத் தினமும் வண்டிகள் வந்துபோகிற மாவட்டத்துக்கு இந்தப் படிப்பு மிகவும் அவசியம்.

குற்றாலத்திலும் இதே கதைதான். தனியார் விடுதிகள் நீரின் போக்கைத் திருப்பிச் செயற்கை அருவி அமைப்பதை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. சட்டம் தெரிந்த ஒருவரும் நீரோட்டம் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட வழக்கு நிற்கும். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பையும் நான் சுற்றுச்சூழல் படிப்பாகவே எண்ணுகிறேன். எந்தத் துறையில் படித்தாலும் மூன்று வருஷத்துக்குள் ஒருமுறையாவது, பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அந்தச் சுருக்கத்தை வாங்கி, அதில் எழுதியிருக்கும் ஓடையும் மரமும் உங்கள் கண்ணால் பார்த்ததோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தாலும் கிடைக்காத பயிற்சி அது.

“ஏல, இதப் படிச்சுட்டு எங்க வேலைக்குப் போவ?” என்று அப்பா கேட்பார். கேட்கட்டும், அவர் கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் இப்போது மாவட்டந்தோறும் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. ஆட்சியர் தலைமை, மாவட்ட வன அலுவலர் பருவநிலை அலுவலர். முதல்வரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இளைஞர்களை மாவட்டங்களில் அமர்த்தினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆய்வு நிறுவனங்கள், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைப் போன்ற எரிசக்தித் துறை என்று வாசல்கள் உண்டு. ஆனால் பொறியியல் போல மூன்றாம் வருஷத்தில் கேம்பஸுக்கு வந்து ஆள் எடுக்கும் துறை இது இல்லை. முதுகலை வரை போக வேண்டியிருக்கும், முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்ற நிலையில் இருக்கிற பிள்ளை, வேதியியலோ புள்ளியியலோ எடுத்துக்கொள்வது நல்லது. அது வேறு வேலைக்கும் கைகொடுக்கும், சுற்றுச்சூழல் பக்கம் திரும்பி வரவும் வழி திறந்தே இருக்கும். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. கேமராவுக்குச் சேர்ப்பதைவிட ஒரு நல்ல தொலைநோக்கிக்கு அதைச் சேர்த்து வையுங்கள்.

அடுத்த வாரம் மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறோம்: 1977 முதல் இயங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, அங்கே சேரும் வழி, அந்தப் பட்டம் எந்தெந்தத் தேர்வுக்குச் செல்லும் என்பதெல்லாம்.