கைதேர்ந்தவனும் கற்றுக்குட்டியும்

மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களில் முந்நூற்றுநாலு என்னும் கடதாசி விளையாட்டை அறியாதார் சிலரே. ஓரினத்துச் சீட்டுகளின் மதிப்பு 76, நான்கினத்துக்கும் 304. பெயர் வந்த காரணம் அதுவே. துரும்பைக் கவிழ்த்து வைத்து, எதிரணியின் கையிலிருப்பதை ஊகித்து ஆடும் அவ்விளையாட்டில் தேர்ந்த இளைஞன் ஒருவன், பாசிக்குடாவில் விடுதி வேலை முடிந்த இரவிலே, கைத்தொலைபேசியில் போக்கர் ஆடத் தொடங்குகிறான் எனக் கொள்வோம். கடதாசி ஆட்டம் தனக்குப் புதிதன்று என்ற துணிவு அவனுக்குண்டு. எதிரே இருப்பவனோ இதனையே தொழிலாகக் கொண்டவன். ஒரே வேளையில் பல மேசைகளில் ஆடி, எதிராளி எப்பொழுது பணம் ஏற்றுகிறான், எப்பொழுது பின்வாங்குகிறான் என்பதைக் கணினியிற் பதிந்து வைப்பவன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணார்.

போக்கர் ஆட்டத்தின் பெருவழக்கான வகையிலே 52 சீட்டுகள் உள. ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு கிடைக்கும். ஐந்து சீட்டுகள் எல்லார்க்கும் பொதுவாக நடுவில் விரிக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்டலாம், அல்லது கைச்சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கைதேர்ந்தவனின் வன்மை பெரும்பாலும் இந்த விலகலிலேதான் இருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பொதுச்சீட்டுகளில் நான்கு விரிந்துவிட்டன. நம் இளைஞனிடம் ஒரே இனத்தில் நான்கு சேர்ந்துள்ளன; ஐந்தாவது வந்தால் வெற்றி. அவன் கண்டவை ஆறு, காணாதவை 46. அவற்றுள் அவனுக்கு உதவுவன ஒன்பது, உதவாதன 37. நடுவில் 300 ரூபா கிடக்கிறது. தொடர்ந்து ஆட அவன் 100 ரூபா போடவேண்டும். மேலும் பந்தயம் ஏறாது எனக் கொண்டால், இதே நிலை 46 முறை நேருமிடத்து ஒன்பது முறை வென்று 2,700 பெறுவான். 37 முறை தோற்று 3,700 இழப்பான். ஆயிரம் ரூபா நட்டம். கைதேர்ந்தவன் இக்கணக்கை ஒரு நொடியில் முடித்து விலகுகிறான். கற்றுக்குட்டியோ, நேற்றிரவு அந்த ஐந்தாவது சீட்டு வந்து விழுந்த இன்பத்தை நினைந்து நூறு ரூபாவைப் போடுகிறான். இருவருள் எவர் வென்றாலும் மேசையை நடத்தும் நிறுவனம் தன் தரகை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் தொழில்முறை ஆட்டக்காரன் நாள்தோறும் வெல்வதில்லை. கைக்கு வரக்கூடியவற்றுள் மிகச் சிறந்த சோடியாகிய இரண்டு ஆஸ் சீட்டுகள் கூட, ஏதேனுமொரு கைக்கு எதிராக நூற்றுக்கு ஏறக்குறைய 85 முறையே வெல்லும். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை வென்றது. அதற்கு 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. சில ஆட்டங்களில் அதிர்ஷ்டம் திறமையை மறைத்துவிடும் என்பதாலேயே அத்தனை தேவைப்பட்டன. கற்றுக்குட்டியை மயக்குவதும் இம்மறைவே.

2003ஆம் ஆண்டில் இதற்கு உலகறிந்த சான்றொன்று கிடைத்தது. அமெரிக்காவின் டெனசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, லாஸ் வேகஸ் நகரில் 839 பேர் ஆடிய உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். பரிசு 25 இலட்சம் டொலர். இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரரான சாமி ஃபார்ஹாவை எதிர்த்து, கையில் ஒன்றுமில்லாமலே துணிந்து பணம் முழுவதையும் வைத்து, அவரை விலகச் செய்தார். அடுத்த ஆண்டில் 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் அப்போட்டிக்கு வந்தனர். வென்றவர் பெயர் நிலைத்தது. தோற்றுத் திரும்பிய ஆயிரவர் பெயரை எவர் அறிவார்? சூதில் வரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டிலிரும்பு என்று வள்ளுவர் கூறியதன் பொருள் வாவியில் தூண்டில் போடுவோர்க்கு விளக்க வேண்டியதன்று.

தமிழ்நாட்டில் இவ்வாட்டம் வழக்குமன்றம் ஏறியது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியையும் போக்கரையும் தடைசெய்தது. இவை திறமைக்குரிய ஆட்டங்கள் என்று கொண்டு, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றுக்கு அத்தடை செல்லாது என்றது. சட்ட நோக்கில் அது பொருந்தலாம். ஆனால் ஆட்டம் திறமையைச் சார்ந்தது என்பது மெய்யாகுமளவுக்குத் திறமை குறைந்தவனின் தோல்வியும் உறுதியாகிறதன்றோ? 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவைக் கண்டோர் தருமர் வனம் புகுந்த கதையை நன்கறிவர். சூதில் ஆசையுடையவர், ஆடத் தெரியாதவர்; எதிரே சகுனி. வனத்திலே அவருக்குச் சொல்லப்பட்டது நளன் கதை. நளனும் அவ்வாறே நாட்டை இழந்தவன். ஆனால் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்த காலத்தில், தான்றி மரத்தின் காய்களைப் பார்வையாலேயே எண்ணிச் சொன்ன அவ்வரசனிடம் எண்ணும் கலையையும் சூதின் நுட்பத்தையும் கற்றுக்கொண்டான். புட்கரனை மீண்டும் ஆட அழைத்தது அதன் பின்னரே.