மனிதருக்கு மருந்து, நாய்க்கு நஞ்சு

ஆட்டுப் பட்டிக்கும் களத்து மேட்டிற்கும் காவலாக நாய் வளர்க்கும் விவசாயிகள் பலர். மாடக்குழியில் வைத்த மாத்திரையை நாய் கடித்துத் தின்றுவிடுவது உண்டு. நாய்க்குக் காய்ச்சல் என்று எண்ணி வீட்டாரே மாத்திரை கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டுமே நாயின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

ஆபத்தான மாத்திரைகள்

பாரசிட்டமால்: நாயின் எடையில் கிலோவிற்கு 100 மில்லிகிராம் சென்றால் கல்லீரல் கெடலாம். 15 கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம் மாத்திரைகள் மூன்று, 5 கிலோ குட்டிக்கு ஒன்றே இந்த அளவாகும். ஈறுகள் பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், சிறுநீர் கறுக்கும். பூனையோ ஒரே மாத்திரையில் இறந்துவிடலாம்.

வலி மாத்திரைகள்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை வயிற்றில் புண்ணை உண்டாக்கும். இரத்த வாந்தியும் கரிய மலமும் இதன் அறிகுறிகள். சிறுநீரகமும் பழுதாகும்.

காசநோய் மாத்திரை: இதிலுள்ள ஐசோநியாசிட் கடும் வலிப்பை உண்டாக்கும்.

செய்ய வேண்டியவை

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல்லீரல் கெட்டது வெளியே தெரிய ஓரிரு நாட்கள் ஆகலாம். விழுங்கிய மருந்தை வாந்தியாக வெளியேற்றுவது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்திற்குள்தான் பயன் தரும். எனவே உடனே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை மாத்திரை, எப்போது தின்றது என்பதைச் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்க இயலும். பாரசிட்டமாலுக்கு அசிடைல்சிஸ்டீனும், ஐசோநியாசிடுக்கு பைரிடாக்ஸினும் மாற்று மருந்துகள்.

செய்யக் கூடாதவை

உப்புக் கரைசல் புகட்டக் கூடாது. இரத்தத்தில் உப்பு மிகுந்து அதனாலேயே வலிப்பு வரலாம். எண்ணெய் புகட்டினால் நுரையீரலுக்குள் சென்றுவிடலாம். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அடுப்புக்கரி, மருத்துவர் தரும் மருந்துக்கரிக்கு ஈடாகாது.

வருமுன் காப்பு

மாத்திரைகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்க வேண்டும். வயலில் சட்டையைக் கழற்றி வைக்கும்போது பையில் மாத்திரை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். நாய்க்கு உடல் நலமில்லை என்றால் மருத்துவரைக் கேளாமல் மனித மருந்து எதையும் கொடுக்கலாகாது.