மலைகள் நெருக்கும் காற்று

எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதியையும் அவர்களுடைய முப்பதடிப் படகு ‘வாண்டரர் 3’ஐயும் போன வாரம் மதேரா தீவில் விட்டோம். ஆண்டு 1952. அட்லாண்டிக்கைக் கடக்கும் முன் இன்னும் ஒரு ஓட்டம்தான் பாக்கி: கேனரித் தீவுகள்.

நடுக்கடலில் இரவுக் காவலை இரண்டே பேர் எப்படிப் பங்கு போடுவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இந்த வாரம் முழுக்க நான் படித்தது கேனரிக் காற்றைப் பற்றி. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மதேராவிலிருந்து கேனரிக்கு ஏறக்குறைய 250 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் சிறு படகுக்கு இரண்டு மூன்று நாள். வழியில் செல்வாஜென்ஸ் என்ற பாறைத் தீவுகள் உண்டு. போர்ச்சுகலுக்குச் சொந்தம் என்றாலும் கேனரிக்குத்தான் அருகில். அவற்றில் ஒன்று கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயராதது. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனை அளந்து இடத்தைக் கணித்த காலம் அது. மேகம் மூடினால் கணக்கும் போச்சு. கும்மிருட்டில் அந்தப் பாறைகளை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறோம் என்பது நெஞ்சைப் பிசையும் கேள்வி. அங்கே கூடு கட்டும் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் இரவில் எழுப்பும் குரல், கைக்குழந்தை வீறிட்டு அழுவது போலவே இருக்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று சீராக வீசுகிறது. வழியில் மலை வந்தால் மேலே ஏறிப் போய்விடலாமே? முடியாது. அந்தப் பகுதியில் சுமார் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில் சூடான, வறண்ட காற்று ஒரு மூடியாகப் படிந்திருக்கிறது. கீழே உள்ள குளிர்ந்த, ஈரக் காற்று அந்த மூடியைத் துளைத்து எழுவதில்லை. டெனெரீஃப் தீவின் தெய்தே எரிமலையோ 3,700 மீட்டருக்கும் மேல்; மூடியைத் தாண்டி வானத்தில் நிற்கிறது. மேலே போக வழியில்லாத காற்று பக்கவாட்டில் திரும்பி, தீவுக்கும் தீவுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது.

15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் நிம்மதியாகப் போகும் படகு, சில மைல் தூரத்திலேயே 30 நாட் காற்றில் மாட்டிக்கொள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் முன்னே கடல் வெளுத்துத் தெரிந்தவுடனே, காற்று வந்து சேருமுன் பாயைச் சுருக்கிக் கட்டிவிட வேண்டும். ஒருவர் சுக்கானில், மற்றவர் பாயில். மூன்றாவது கைக்கு ஆள் கிடையாது. இன்னும் சில மைல் போய் தீவின் தெற்குப் பக்கம், மலையின் மறைவுக்குள் நுழைந்தால் காற்றே நின்றுவிடும்! பாய் தொங்கிப்போகும், அலை மட்டும் படகைப் போட்டு உலுக்கும்.

கொலம்பஸும் இங்கே தப்பவில்லை. 1492 ஆகஸ்டில் கேனரிக்கு வரும் வழியிலேயே அவருடைய ‘பின்ட்டா’ கப்பலின் சுக்கான் கழன்றது. தீவுகளில் அதைச் செப்பனிட்டு, செப்டம்பர் 6ஆம் தேதி கோமெரா தீவிலிருந்து மேற்கே புறப்பட்டார். அவரைப் பிடிப்பதற்குப் போர்ச்சுகீசியக் கப்பல்கள் காத்திருப்பதாகச் செய்தி வேறு. கோமெராவுக்கும் டெனெரீஃபுக்கும் நடுவே காற்றில்லாமல் அவருடைய மூன்று கப்பல்களும் நின்றுவிட்டன. 8ஆம் தேதி விடியுமுன் மூன்று மணிக்குத்தான் வடகிழக்குக் காற்று எழுந்தது. புது உலகத்துக்குப் போகிறவர் இரண்டு நாளாக அதே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்லாண்டிக் பயணம் என்றதும் எல்லோரும் அந்தப் பெருங்கடலைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு இந்தத் தீவுக் கடல்தான் கடினமாகப் படுகிறது. வெளிக்கடலில் காற்று மாற நேரம் எடுக்கும். இங்கே மலைக்கு மலை மாறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இங்கே எது உடைந்தாலும் அடுத்த துறைமுகத்தில் சரிசெய்யலாம், பின்ட்டாவைப் போல. கேனரியை விட்டு நேரே அட்லாண்டிக்கைக் கடந்தால், பார்படோஸ்வரை வழியில் துறைமுகம் கிடையாது. கரீபியன் புயல் பருவம் ஓயக் காத்திருக்கும் நாட்களில் படகின் ஒவ்வொரு கயிற்றையும் சோதித்துப் பார்க்கச் சரியான இடம் இதுதான்.

இரவுக் காவலும், சுக்கானை யாரும் பிடிக்காமலே படகு ஓட உதவும் இரட்டைப் பாயும் அடுத்த வாரம்.