முறுக்கிய கம்பியில் ஒரு முகூர்த்தம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

திருமண மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்தில் மேடையருகே நிற்பவர்களைவிடப் பந்தியில் அமர்ந்திருப்பவர்களே அதிகம். இலையை விட்டு எழவும் முடியாது, மேடையைப் பார்க்கவும் முடியாது. அவர்களுக்காக உணவுக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒலிபெருக்கியும் வைப்பார்கள். மேடையிலிருந்து அங்கே படத்தையும் நாதசுரத்தையும் கொண்டு சேர்ப்பது என் மாமாவின் தொழில். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

சென்ற கோடை விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போனேன். மேடைக்கும் உணவுக் கூடத்துக்கும் இடையே 80 மீட்டர். படம் அனுப்ப வழக்கமாகப் பயன்படும் தடித்த கோ-ஆக்சியல் கம்பி அவ்வளவு நீளம் எங்களிடம் இல்லை. கணிப்பொறிகளை இணைக்கும் நெட்வொர்க் கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. அதன் உறைக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கும். “ஒரு ஜோடியில படம், ஒரு ஜோடியில பாட்டு. முறுக்கை மட்டும் பிரிக்காதே மாப்ளே” என்று சொல்லிவிட்டு மாமா சீரியல் விளக்குப் போடச் சென்றார்.

ஆரஞ்சு, நீலம் என்று முழு நிறக் கம்பிகள் இரண்டு. வெள்ளையில் ஆரஞ்சுக் கோடும் நீலக் கோடும் போட்டவை இரண்டு. முழு நிறம் இரண்டும் ஒரு ஜோடி, கோடு போட்டவை இரண்டும் மற்றொரு ஜோடி என்று நானே முடிவு செய்துகொண்டேன். இணைத்து, மீட்டர் வைத்தும் பார்த்தேன். எங்கும் கம்பி அறுபடவில்லை, ஒன்றோடொன்று தொடவும் இல்லை. இயற்பியல் மாணவனுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

இரவு பத்து மணிக்குச் சோதித்தபோது ஒலிபெருக்கியில் வண்டு புகுந்தாற்போல் ஓயாத ரீங்காரம். படத்தில் சாய்ந்த கோடுகள் நெளிந்தன. முகூர்த்தமோ விடியற்காலை.

நண்பர்களே, இந்த ரீங்காரத்தின் காரணம் 1881-ஆம் ஆண்டுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. தொடக்க காலத் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பியில் இயங்கின. மின்னோட்டம் திரும்பி வரும் வழி பூமிதான். நகரங்களில் மின்விளக்கும் மின்சார டிராமும் வந்தபோது அவற்றின் இரைச்சலெல்லாம் தொலைபேசியில் கேட்கத் தொடங்கியது. பேச்சுக்கு இரண்டு கம்பிகள் தந்து, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கினால் தொல்லை குறையும் என்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் அமெரிக்காவில் அந்த ஆண்டு காப்புரிமை பெற்றார். கம்பங்களில் சென்ற திறந்த கம்பிகளையும் இடையிடையே இடம் மாற்றிக் கட்டினார்கள். அதுவும் ஒரு வகை முறுக்குதான்; ஒரு முறுக்குக்குச் சில கம்பங்கள்!

முறுக்கினால் என்ன ஆகிறது? ஒரு கணத்தில் நாம் அனுப்ப வேண்டியது 1 வோல்ட் என்போம். ஒரு கம்பியில் +0.5 வோல்ட், மற்றதில் –0.5 வோல்ட் என அனுப்புகிறோம். வழியில் அருகிலுள்ள மின்கம்பி இரண்டிலும் 0.2 வோல்ட்டைச் சேர்த்துவிடுகிறது. இப்போது +0.7, –0.3. மறுமுனையில் இருக்கும் கருவி வித்தியாசத்தை மட்டுமே எடுக்கிறது: மீண்டும் 1 வோல்ட். இரைச்சல் கணக்கிலேயே வரவில்லை!

ஆனால் ‘இரண்டிலும் சமமாக’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரு கம்பிகளும் இணையாக ஓடினால், மின்கம்பிக்கு அருகில் இருப்பது அதிகமாகவும் தள்ளியிருப்பது குறைவாகவும் இரைச்சலை வாங்கும். முறுக்கினால் ஒவ்வொரு அரை முறுக்கிலும் அருகிலிருந்தது தள்ளிப் போகிறது, தள்ளியிருந்தது அருகே வருகிறது. இரண்டின் பங்கும் சமமாகிறது. ஃபாரடேயின் தூண்டல் விதிப்படி சொன்னால், அடுத்தடுத்த சிறு வளையங்களில் தூண்டப்படும் மின்னியக்கு விசைகள் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த விதியை முதலாண்டில் பத்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்திருந்தேன். மண்டபத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை.

என் இணைப்பில் நடந்தது இதுதான். படம் சென்ற ஆரஞ்சுக் கம்பி, தன் துணையோடு அல்லாமல், ஒலி சென்ற கம்பியோடு 80 மீட்டரும் பின்னிப் பிணைந்து ஓடியது. நீலத்துக்கும் அதே கதி. நம் நாட்டு பால் முறைத் தொலைக்காட்சியில் படம் நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழ் வரையப்படுகிறது. வரிகளோ நொடிக்கு 15,625. இந்தத் துடிப்புகள் அப்படியே ஒலிக் கம்பிக்குத் தாவின. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் அல்லவா? அதனால் படமே ரீங்காரமாகக் கேட்டது. படத்தில் நெளிந்த கோடுகளோ, கூடவே ஓடிய சீரியல் விளக்குக் கம்பி தந்த சீர். மீட்டர் இதைக் காட்டாது. கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். யாரோடு முறுக்கியிருக்கிறது என்று பார்க்காது.

முறுக்குச் சரியாக இருந்தாலும் கேமராவை நேரே கம்பியில் சொருகிவிட முடியாது. கேமராவின் வெளியீடு 75 ஓம் மின்எதிர்ப்புக்கு (வகுப்பில் இம்பீடன்ஸ் என்கிறோமே, அது) ஏற்றது. அதில் ஒரு முனை பூமியோடு இணைந்தது. நெட்வொர்க் கம்பியோ 100 ஓம், இரு முனைகளும் சமம். பொருந்தாமல் சேர்த்தால் (100–75)/(100+75), அதாவது ஏழில் ஒரு பங்கு மின்னழுத்தம் எதிரொளித்துத் திரும்பும். இதற்காக இரு முனைகளிலும் விரல் அளவுச் சிறு கருவி ஒன்றை வைக்கிறார்கள். உள்ளே இரும்புக் கலவை வளையத்தில் சுற்றிய கம்பிச் சுருள்தான். பெயர் ‘பாலன்’. சமநிலை உள்ளது, இல்லாதது என்ற பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய பெயர் அது. நம் ஊர் ஆள் பெயர்போல் இருப்பது தற்செயல்!

தூரத்துக்கும் எல்லை உண்டு. அதிர்வெண் கூடக் கூடக் கம்பியில் இழப்பும் கூடும். பால் முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகா ஹெர்ட்ஸ். எங்கள் 80 மீட்டரில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கும். ஒளி-நிழல் தரும் தாழ்ந்த அதிர்வெண்கள் அவ்வளவு குறையா. அதனால்தான் நீளம் கூடினால் முதலில் பட்டுப்புடவையின் நிறம் வெளுக்கிறது, முகம் பிறகுதான் மங்குகிறது. மின்சாரம் வேண்டாத பாலனோடு சுமார் 300 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் பெருக்கி வேண்டும்.

கணிப்பொறித் திரைப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஜோடிகளில் அனுப்பும்போது வேடிக்கையான சிக்கல் ஒன்று வரும். ஜோடிகள் ஒன்றையொன்று தொல்லை செய்யாதிருக்க ஒவ்வொன்றையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கியிருப்பார்கள். நெருக்கமாக முறுக்கியதில் செம்பின் நீளம் அதிகம். அந்த நிறம் தாமதமாக வந்து சேரும். 100 மீட்டரில் 45 நானோ நொடி வரை வேறுபாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 1024-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 15 நானோ நொடிதான். ஆகவே மூன்று புள்ளிகள் தள்ளி நிறம் விழலாம். இரைச்சலைத் தீர்த்த முறுக்கே இங்கே குற்றவாளி! வேகமாக வரும் நிறங்களைச் சற்றுக் காக்க வைத்துச் சரிசெய்கிறார்கள். இன்று பெரும்பாலும் படத்தை எண்களாக மாற்றி அனுப்புவதால் இந்தத் தொல்லை மறைந்து வருகிறது. ஆனால் எண்களும் முறுக்கிய ஜோடியில்தான் பயணம் செய்கின்றன.

அதிகாலை நான்கு மணிக்கு மாமா என் இணைப்பைப் பிரித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஆரஞ்சை அதன் வெள்ளைத் துணையோடும் நீலத்தை அதன் துணையோடும் சேர்த்தார். ரீங்காரம் நின்றது. ஆனால் இரவு முழுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்ட திருமண வீட்டார் பேசிய கூலியில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அது என் பரீட்சைக் கட்டணத்துக்கு அவர் வைத்திருந்த பணம் என்று அம்மா பின்னர்தான் சொன்னார்கள்.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் படித்து, மேலே எழுதியதையெல்லாம் மாமாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். +0.7, –0.3 கணக்கை இரண்டு முறை கேட்டார். “இணைக்கும்போது முறுக்கை எவ்வளவு பிரிக்கலாம்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?” என்றார். 13 மில்லி மீட்டர் என்றேன். “நான் கட்டைவிரல் நகத்தளவு விடுவேன்” என்று விரலை நீட்டினார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். 14 இருந்தது.