இலைகள் ஏன் நீலமாயின?

கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டங்களை நிரப்பிப் பூவோ மயிலோ வரைந்திருக்கிறீர்களா? ஐரோப்பியச் சிறுமியர் பல நூற்றாண்டுகளாக இதையே துணியில் ஊசியால் செய்து வந்தனர். அப்படித் தைத்துப் பழகிய துணிக்குச் 'சாம்ப்ளர்' என்று பெயர்.

துணியின் பாவு நூலும் ஊடை நூலும்தான் கட்டங்கள். நூல்களை எண்ணி, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். ஆகவே இந்தத் தையலில் வளைகோடு கிடையாது. மானின் முதுகுகூடப் படிப்படியாகவே இறங்கும். எண்ணிக்கை தவறினால் மானுக்குக் கால் கோணிவிடும்!

மான், பறவை, வீடு, ஆதாம் ஏவாள் நிற்கும் மரம் எல்லாம் இவற்றில் உண்டு. எழுத்துகளும் எண்களும் மட்டும் அழகுக்காக அல்ல. படுக்கை விரிப்பு முதலியவற்றில் வீட்டாரின் முதலெழுத்தையும் எண்ணையும் தைத்து அடையாளமிடுவது அன்றைய வழக்கம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டு குறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது, ஜேன் போஸ்டாக் 1598-இல் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அகரவரிசையில் 'ஜே'யும் 'யூ'வும் இல்லை. மறதியா? இல்லை. 'ஐ', 'வி' ஆகியவற்றிலிருந்து அவை தனி எழுத்துகளாக அப்போது முழுமையாகப் பிரிந்திருக்கவில்லை.

பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் இலைகள் நீலமாக இருக்கும். குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அந்நாளில் பச்சைக்குத் தனிச் சாயம் அரிது. நீலச் சாயமேற்றிய நூலை மஞ்சளிலும் தோய்த்துப் பச்சையாக்கினர். அவுரி போன்ற செடிகள் தரும் நீலம் ஒளியைத் தாங்கும். செடிகளின் மஞ்சளோ ஒளி பட்டால் சிதைந்துவிடும். மஞ்சள் போனபின் எஞ்சியது நீலம். துணியைத் திருப்பிப் பாருங்கள்: வெயில் படாத பின்புறத்தில் இலை இன்னும் பச்சைதான்! கறுப்பு நூலின் கதை இன்னும் மோசம். சாயத்தில் சேர்த்த இரும்பு உப்பு நூலையே அரித்துவிட, ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சியதுண்டு.

படமே இல்லாத சாம்ப்ளர் ஒன்றும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1830 வாக்கில் எலிசபெத் பார்க்கர் என்ற பெண் தைத்தது. தமக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, வேலை பார்த்த இடத்தில் பட்ட கொடுமைகளையும் தம் மனத்துயரையும் சிவப்பு நூலால் வரி வரியாகத் தைத்திருக்கிறார். வாக்கியத்தின் நடுவிலேயே தையல் நின்றுவிடுகிறது; அதன் கீழே வெறுந்துணி. பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையானார்.