ரீஃபண்ட் வாங்கித் தர்றவர் எல்லாம் ஆடிட்டர் இல்ல!

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. ஐடி ரிட்டர்ன் போட்டுத் தர்றவர் யாரா இருந்தாலும் "நம்ம ஆடிட்டர்"னு சொல்லிடுவோம். அவர் சிஏ முடிச்சவரா, டேலி தெரிஞ்ச அக்கவுண்டன்ட்டா, இல்ல ஜெராக்ஸ் கடையில கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவரான்னு கேக்குறதே இல்ல.

வெறும் ரிட்டர்ன் மட்டும்னா இதுல தப்பு இல்ல. அதை நீங்களே கூட போர்ட்டல்ல போய் போடலாம், சட்டம் தடுக்கல. ஆனா ஆடிட்டரோட வேலை அதோட முடியுறது இல்ல. அந்த வித்தியாசம் தெரியாம பணத்தை விடுறவங்க நிறைய பேர்.

சிஏ கையெழுத்து எங்க கட்டாயம்?

1949-ல வந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் கீழ் உருவானதுதான் ஐசிஏஐ. பரீட்சை பாஸ் பண்ணி மெம்பர் ஆனா மட்டும் போதாது. வெளியாளுங்களுக்கு ஆடிட் பண்ணிக் கையெழுத்து போட, 'சர்டிஃபிகேட் ஆஃப் பிராக்டிஸ்' தனியா வாங்கியிருக்கணும். கம்பெனி வேலையில இருக்கிற உங்க சித்தப்பா பையன் சிஏவா இருந்தாலும், இது இல்லன்னா உங்க கடைக் கணக்குல கையெழுத்து போட முடியாது.

* ஆடிட்: எல்லா கம்பெனிக்கும் வருஷா வருஷம் கட்டாயம். தனிநபர் வியாபாரத்துக்கு, பொதுவா டர்ன்ஓவர் 1 கோடியைத் தாண்டினா டாக்ஸ் ஆடிட் வரும். வரவு, செலவு ரெண்டுலயும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இந்த வரம்பு 10 கோடி. டாக்டர், வக்கீல் மாதிரி தொழில் செய்றவங்களுக்கு 50 லட்சம். பண்ணாம விட்டா அதுக்குத் தனியா பணம் கட்ட வேண்டி வரும்.
* சர்டிஃபிகேட்: பேங்க் லோன், பசங்க வெளிநாட்டுப் படிப்பு விசா இதுக்கெல்லாம் கேக்குற நெட்வொர்த் சர்டிஃபிகேட்.
* ஆஜராகிறது: வருமானவரி நோட்டீஸ் வந்தா, உங்க சார்பா பதில் எழுதி, அதிகாரி முன்னாடி வாதாடுறது.
* ஆலோசனை: பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா, வீட்டை இப்ப வித்தா டாக்ஸ் எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்றது.

இதுல இன்னொரு விஷயம். உங்க கணக்குப் புத்தகத்தை எழுதுறவரே அதை ஆடிட்டும் பண்ணக் கூடாது. தான் எழுதினதுல தானே தப்பு கண்டுபிடிப்பாரா சொல்லுங்க?

'முடியாது'ன்னு சொல்றவர்தான் வேணும்

ஒரு உதாரணம் பார்ப்போம். சம்பளக்காரர் ஒருத்தர். ஏஜென்ட் ஒருத்தர், கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடையையும் கட்டாத வாடகையையும் ரிட்டர்ன்ல காட்டி 60,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கித் தர்றார். 10 சதவீதம் அவருக்கு. கைக்கு வந்தது 54,000.

ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வருது. பேன் யாரோடது? உங்களோடது. உறுதிமொழி யார் கொடுத்தது? நீங்க. தவறான தகவல் கொடுத்ததா முடிவாச்சுன்னா, வரியோட சேர்த்து அந்த வரியில 200 சதவீதம் வரை அபராதம். 60,000 வரி, 1,20,000 அபராதம், ஆக 1,80,000. வட்டி தனி. அந்த ஏஜென்ட் அப்போ போனையே எடுக்க மாட்டார்.

நல்ல சிஏகிட்ட போனா முதல்ல ரசீதைக் கேப்பார். "இது இல்லாம க்ளெய்ம் பண்ண முடியாது சார்"னு சொல்வார். நமக்குக் கோபம் வரும். ஆனா நாம ஃபீஸ் கொடுக்கிறதே அந்தக் கேள்விக்குத்தான். தப்பா கையெழுத்து போட்டா ஐசிஏஐ ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அவர் பேரையே பதிவேட்டுல இருந்து தூக்கலாம். ஏஜென்ட்டுக்கு அந்தப் பயம் கிடையாது.

செக் பண்ண 4 வழி

1. யூடின் நம்பர்: சிஏ கொடுக்கிற சர்டிஃபிகேட், ஆடிட் ரிப்போர்ட் எல்லாத்துலயும் 18 இலக்க யூடின் இருக்கணும். 2019-ல இருந்து இது கட்டாயம். ஐசிஏஐயோட யூடின் தளத்துல யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம். நம்பர் இல்லன்னா அந்தப் பேப்பரை நம்பாதீங்க.
2. ஃபீஸ்: "ரீஃபண்ட்ல இத்தனை சதவீதம்"னு கேட்டா உஷார். அப்படி வாங்குறது சிஏக்களோட நடத்தை விதிப்படியே தப்பு.
3. லாகின்: போர்ட்டல்ல உங்க மொபைல் நம்பரும் உங்க இமெயிலும்தான் இருக்கணும். ஏஜென்ட்டோடது இருந்தா, நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கே போய் பாருங்க.
4. காப்பி: ஃபைல் பண்ணின முழு ரிட்டர்னையும் கேட்டு வாங்குங்க. எந்தக் கழிவு எவ்வளவுன்னு ஒரு தடவை படிங்க.

ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்களா?

பயப்பட வேண்டாம். துறை நடவடிக்கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டுத் திருத்தலாம். இப்போ இதுக்கு 48 மாசம் வரை டைம் இருக்கு. வரி, வட்டியோட கூடுதலா 25 சதவீதத்துல ஆரம்பிச்சு 70 சதவீதம் வரை கட்டணும். லேட் ஆக ஆக ஏறும். 200 சதவீத அபராதத்தை விட இது எவ்வளவோ பரவாயில்ல. இதை மட்டும் நீங்களா போடாதீங்க, ஒரு சிஏவைப் பாருங்க.

உங்க "ஆடிட்டர்" உங்ககிட்ட கடைசியா எப்போ ரசீது கேட்டார்? கமெண்ட்ல சொல்லுங்க. யூடின் செக் பண்றது எப்படின்னு வீடியோ வேணும்னாலும் கேளுங்க, அடுத்த வாரம் போட்டுடலாம்.